நீலம் கலந்த கஞ்சி

அன்று மதியம் வீட்டில் இருந்தவர் அப்பா மட்டும்தான். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குப் போயிருந்தார். தங்கை மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். நான் இயேசு பிறப்புக் குடிலுக்குக் கம்பிவலை வாங்கச் சிராங்கூன் சாலைக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் கப்பல் பட்டறைக்கு இன்னும் திரும்பவில்லை.

அந்த வருஷம் கோயில் குடிலுக்கு மலையும் குகையும் செய்யும் பொறுப்பை அப்பாவே கேட்டு வாங்கி வந்திருந்தார். "என் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான் ஃபாதர், அவன் செஞ்சு தருவான்" என்று பூசை முடிந்ததும் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் விளக்கு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், காகிதத்தில் மலை வேண்டுமென்றாலும் என்னைத்தான்.

நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத்தான் செய்தேன். பழைய செய்தித்தாளைக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்கினேன். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிப் பசை காய்ச்சினேன். டிசம்பர் மழையில் எதுவும் லேசில் காயாது. காய்வதற்குள் கரப்பான் அரித்துவிடும். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கிப் பொடித்துப் போட்டேன். பசை இளநீலமாக மாறியது. விஷம், கவனம் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் 'விஷம், தொடாதீர்கள்' என்று பெரிதாக எழுதி, அதே பசையைத் தடவிப் பானையில் ஒட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது பானையில் பாதி இல்லை. பாத்திரத் தொட்டியில் ஒரு குவளை கிடந்தது. அதன் உட்புறத்தில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது.

காலையில் வேலைக்குப் போகும்போது அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் கேட்டது: "அடுப்புல கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் படுங்க." அந்தக் கஞ்சியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதே அடுப்பில்தான் நான் பசை காய்ச்சியிருந்தேன். ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்த மொழியில் எழுதினாலும் தெரியாது.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருமல் கேட்டது.

"அப்பா! பானையில இருந்த கஞ்சிய எடுத்தீங்களா?"

"எடுத்தேன்டா."

"எவ்வளவு?"

"பாதி இருக்கும். ஏன், உனக்கு வேணுமா?"

"எப்ப எடுத்தீங்க?"

"இப்பத்தான். என்னடா, கதவ ஒடச்சிடுவ போலிருக்கு!"

விஷம் என்று சொன்னால் பயத்திலேயே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. "சட்டையப் போடுங்க, டாக்டர்கிட்ட போகணும்" என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே சட்டையை எடுத்து மாட்டினார்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது, ஒரு மாடி இறங்க வேண்டும். படியில் நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். கீழ்த்தளத்துக் கிளினிக் மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. டாக்சி பிடித்தோம்.

"வயிறு வலிக்குதாப்பா?"

"எனக்கா? இல்லயே. உனக்கு வலிக்குதா?"

"தலை சுத்துதா?"

"நீ பேசாம சாஞ்சுக்கடா" என்றவர், டிரைவரிடம் மலாயில் சீக்கிரம் போகச் சொன்னார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிறம் மாறுவது போலவும் இருந்தது, மாறாதது போலவும் இருந்தது.

சிராங்கூன் சாலைக் கிளினிக்கில் அப்பா என்னைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "என் மகனுக்கு ஒடம்பு சரியில்ல டாக்டர், என்னென்னமோ கேக்குறான்."

"நான் இல்ல டாக்டர், இவருதான் விஷம் குடிச்சிட்டாரு!"

டாக்டர் தமிழர். சட்டென்று எழுந்து அப்பாவின் வாயைத் திறக்கச் சொன்னார். "அந்தக் கஞ்சிய எவ்வளவு குடிச்சீங்க?"

"நான் எங்க குடிச்சேன்? வேட்டிக்குல்ல போட்டேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பருக்கையே இல்ல, அத யாரு குடிப்பா? நீலமும் கலந்திருந்துச்சு. பூசைக்குக் கட்டுற வேட்டிக்கு உங்கம்மாதான் காய்ச்சி வச்சிருக்கான்னு நெனச்சேன். குவளையால மோந்து வாளியில ஊத்தி, வேட்டிய முக்கி எடுத்துக் கழியில காயப் போட்டேன். பானையில தாள் வேற ஒட்டியிருந்துச்சு. பதம் பாத்திருக்கா, நல்லா வெறப்பா நிக்கும்னு நெனச்சேன்."

"அந்தத் தாள்லதாம்பா விஷம்னு எழுதியிருந்தேன்."

"எழுதுனியா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னார். அப்பா நகரவில்லை. "அப்ப உனக்கு ஒண்ணுமில்லயே?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்தேன். வெளியே, அன்று அபூர்வமாக அடித்த வெயிலில், மூங்கில் கழியில் வேட்டி பலகை போல விறைத்து, பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்த அம்மா அதைத் தட்டிப் பார்த்தார். "இது தானா நிக்கும். இடுப்புலதான் நிக்காது" என்றார். அதை அப்படியே மடக்கிக் கம்பிவலைமேல் போர்த்தி, மேலே கூழை அப்பினேன். அந்த வருஷம் மலை சரியவே இல்லை.

டாக்சி, டாக்டர், புது வேட்டி எல்லாம் சேர்த்துச் செலவு இருபத்தொன்பது வெள்ளி அறுபது காசு.