மாரிகுப்பம் ரயிலில் நான் ஏன் உட்காருவதில்லை

அந்த ரயில் வகுப்பைத் தொடங்கியவள் நான் அல்ல. நான்தான் தொடங்கினேன் என்று ஒரு லண்டன் பத்திரிகைக்குப் பொய் சொன்னேன். உலகம் நம்பிவிட்டது.

நீங்களும் அதைப் படித்திருக்கலாம்... படித்துவிட்டு என்னைப் பாராட்டியும் இருக்கலாம். அழுது வடிய நான் வரவில்லை. அது ஜெயித்த பொய்! எங்கள் ஊரையே ஜெயிக்க வைத்த பொய். அதனால்தான் இத்தனை காலம் வாய் திறக்க முடியவில்லை. தோற்றுப்போன பொய்யை ஒப்புக்கொள்வது எவ்வளவோ சுலபம்.

என் பெயர் பிரேமா. கோலார் தங்கவயலில், கோரமண்டலில் பிறந்தவள். இன்றும் அங்கேதான் குடியிருக்கிறேன். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பு என்றால் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போவதுதான். நானும் அப்படிப் போய், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்துகொண்டே சி.ஏ. படித்தேன்.

அதே ரயிலில் தனம் அக்கா வருவாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். வேறோர் ஆடிட்டரிடம் உதவியாளராக இருந்துகொண்டு அவளும் சி.ஏ. எழுதிக்கொண்டிருந்தாள். ரயில் புறப்படுகிற மாரிகுப்பத்திலேயே ஏறி, கடைசிப் பெட்டியில் எதிரெதிர் இருக்கைகளில் துப்பட்டாவை விரித்து இடம் பிடித்து வைப்பாள். வகுப்பு அங்கேதான் நடந்தது. சுரங்கத்துக்குள் ஆட்களை அடைத்து இறக்கிய கூண்டின் நினைவாக அந்த மூலைக்குக் ‘கேஜ்’ என்று பெயரும் வைத்தாள்.

கேஜில் சட்டம் ஒன்றே ஒன்று. தனம் அக்கா கேள்வி கேட்பாள். தப்பாகப் பதில் சொன்னவள் எழுந்து நிற்க வேண்டும், அடுத்தவள் தப்புச் சொல்லும்வரை. பங்காரப்பேட்டை தாண்டினால் கூட்டம் எப்படி நெருக்கும் என்று அந்த ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். கால் கடுக்கும் என்ற பயத்திலேயே நாங்கள் படித்தோம்.

நான் மூன்றாம் முறையில் தேறினேன். எனக்குப் பிறகு சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராகத் தேறினார்கள். கேள்வி கேட்டவள் மட்டும் தேறவில்லை... ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தாள் அவள் காலை வாரிவிடும்.

ஒரே ஊர், ஒரே ரயில், இத்தனை பேர் தேர்ச்சி! சி.ஏ. தேர்வு நடத்தும் எங்கள் கணக்காளர் அமைப்புக்கு இது எட்டியது. அப்போது அந்த அமைப்பைப் பற்றி எழுத லண்டனிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்திருந்தார். அமைப்பின் பெங்களூர் அலுவலகத்தில் என்னை அவர் எதிரில் உட்கார வைத்தார்கள்.

தனம் அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். ஆனால் அந்த வாரம்தான் முடிவு வந்திருந்தது. பத்தாவது முறையாக அவள் பெயர் அதில் இல்லை. வரமாட்டேன் என்றுவிட்டாள்.

“யார் இதைத் தொடங்கியது?” என்று நிருபர் ஆங்கிலத்தில் கேட்டார். மிகச் சாதாரணமான கேள்வி. தனலட்சுமி என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான்தான் என்றேன். ஏன் சொன்னேன்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆசை. அதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

மறுநாள், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய எங்கள் சயனைட் மண்மேட்டின் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ரயிலில் நடக்கிற வகுப்புக்கு மேடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பொய் சொன்னவளுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் ஏது?

பத்து நாள் கழித்து லண்டனிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். செய்தியில் உள்ள ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பதுதான் அவர் வேலையாம். வகுப்பைத் தொடங்கியது நான்தான் என்று உறுதி சொல்ல இன்னொருவர் வேண்டும் என்றார்.

சிரிக்காமல் கேளுங்கள். யாரைச் சரிபார்க்கிறோமோ அவர் கையிலிருந்தே சாட்சியின் முகவரியை வாங்கக் கூடாது. தணிக்கையில் இது அரிச்சுவடி. இதைத் தப்பாகச் சொல்லித்தான் ஒருநாள் நான் மாலூர்வரை நின்றிருக்கிறேன். லண்டன்காரர் அந்தப் பாடத்தை எங்கள் கேஜில் படிக்கவில்லை போலும். நான் கொடுத்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டார்.

நான் கொடுத்தது தனம் அக்காவின் எண். தொடக்கம் தெரிந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர்தான். அவள் உண்மையைப் போட்டு உடைக்கட்டும் என்று நினைத்தேனா? மறைத்துவிடுவாள் என்று நம்பினேனா? இரண்டும் இருந்தது...

மறுநாள் ரயிலில் அவளே பேச்சை எடுத்தாள்.

“லண்டன்லருந்து போன் வந்துச்சு. நீதான் ஆரம்பிச்சன்னு சொல்ட்டேன்.”

“அக்கா... இன்னாத்துக்கு அப்படிச் சொன்ன?”

“பின்ன இன்னா சொல்றது? பத்து வாட்டி ஃபெயிலானவ நடத்துற கிளாஸுன்னு பேப்பர்ல வந்தா, எந்த அம்மா தன் பொண்ண இங்க அனுப்புவா? பாஸானவ பேர் இருக்கட்டும். எனக்கு கேஜ் நிக்காம ஓடணும், அவ்ளோதான்.”

அதோடு நிற்காமல் அன்றைய கேள்வியையும் கேட்டாள். என்ன கேள்வி என்பது என் காதில் விழவே இல்லை. எழுந்து நின்றேன்.

செய்தி வந்தது. அடேயப்பா! லண்டன் செய்தியைப் பார்த்து ஆஸ்திரேலிய வானொலி கூப்பிட்டது. ஜப்பானிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வந்து, எங்கள் ரயிலில் இடம் கிடைக்காமல் கேமராவோடு தொங்கியது. எங்கள் அமைப்பைப் பற்றி இவ்வளவு நல்ல செய்தி வெளிநாட்டில் வந்ததே இல்லை என்று தலைமையகத்தில் பூரித்துப்போனார்கள். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எனக்குப் பேனர் வைத்தார்கள். மூடிய சுரங்கம், தங்கம் போன ஊர் என்றே எழுதிக்கொண்டிருந்தவர்கள், முதல்முறையாக எங்களைப் படிப்புக்காக எழுதினார்கள்!

கோரமண்டலில் அமைப்பே ஒரு படிப்பகம் திறந்தது. பூதிகோட்டையிலிருந்துகூடப் பெண்கள் பேருந்து பிடித்து வந்தார்கள். அதன் சுவரில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கோணலாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் தனம் அக்கா.

அதன் பிறகு ஒருநாள், பதின்மூன்றாம் முறையில், தனம் அக்கா தேறினாள்!

எங்கள் பெட்டி அன்று கல்யாண வீடாக இருந்தது. யாரோ பூமாலை கொண்டுவந்தார்கள். ஒயிட்ஃபீல்டில் இறங்க வேண்டியவர்கள் இறங்க மறந்து கைதட்டினார்கள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் மட்டும் பொய் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

விஷயம் லண்டனுக்கும் போனது. அதே நிருபர் எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தனலட்சுமி உங்கள் மாணவிதானே, அவரைக் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்லிவிட்டார் என்று.

புரிகிறதா உங்களுக்கு? தேறாதவள் பெயர் வேண்டாம் என்றுதான் அன்று அவள் மறைத்தாள். இன்று தேறிவிட்டாள். மறைக்கக் காரணமே இல்லை. தானாகக் கேட்டு வாங்காமல், நானே கொடுக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

சுவரில் இருந்த சட்டம் என் கண்முன் வந்தது. ஜப்பான்காரர்கள், பேனர், அமைப்பின் மேடையில் எனக்கென்று போட்ட நாற்காலி... எல்லாம் வந்தது.

ஆம், என் மாணவிதான் என்று பதில் அனுப்பினேன்.

மறுநாள் காலை கோரமண்டலில் ஏறினேன். எனக்கு வழக்கம்போல ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். உட்கார்ந்தேன்.

“அந்த நிருபர் பொண்ணு கேட்டாளா?”

“கேட்டாங்க அக்கா.”

“நீ இன்னா சொன்ன?”

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. துப்பட்டாவை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அன்றைய முதல் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். என்னை எழுந்து நிற்கச் சொல்லவும் இல்லை.

நானாகவே எழுந்தேன். அன்றிலிருந்து நான் அந்த ரயிலில் உட்காரவில்லை. இடம் காலியாக இருந்தாலும் பெங்களூர் வரை நின்றுகொண்டுதான் போகிறேன். தனம் அக்கா முன்பு எனக்காகப் பிடித்து வைத்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்கிறார்கள். ஏன் நிற்கிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

புதிதாக வருகிற பெண்களுக்கு மற்றவர்கள் என்னைக் காட்டிச் சொல்கிறார்கள்: “பிரேமா மேடம் எப்பவும் நின்னுக்கினுதான் வருவாங்க. படிக்கிறவங்களுக்கு சீட்ட வுட்டுக் குடுத்துடுவாங்க.”

போன மாதம் அதுவும் பத்திரிகையில் வந்துவிட்டது.