கருவாடு போட்ட கம்ப்யூட்டர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. எங்கள் எறால் கம்பெனியின் பழவேற்காடு ஆபீஸ் வாசலில், வேன் டிரைவர் முனுசாமி ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"இன்னா சார் இது? முழு லோடு ஐஸையும் அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போன்னு கீது. ரயிலுக்கு ஜுரமா?"

வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அடித்த சீட்டுதான். எவ்வளவு ஐஸ் என்று நாங்கள் அடிப்போம், எந்த ஊருக்கு என்பதைத் தேதியைப் பார்த்து அதுவே போடும். அனுப்பம்பட்டுக்கு எங்கள் வண்டி போவது மாதத்தில் ஒரே நாள் — நாலாம் தேதி. அதுவும் ரயிலில் வரும் காலி அட்டைப் பெட்டிகளை ஏற்றி வர. முந்தின நாள்தான் போய் வந்தது. அன்றைக்கு ஏப்ரல் ஐந்து. எறால் வந்து இறங்கும் தோணிரேவுக்கு ஐஸ் போகவேண்டிய முறை.

நேராகத் தோணிரேவுக்கே விட வேண்டியதுதானே என்கிறீர்களா? ஐஸ் ஃபேக்டரியில் ஏற்ற வேண்டுமே! கம்ப்யூட்டர் சீட்டில் உள்ள ஊருக்குத்தான் ஐஸ், கையால் எழுதினால் செல்லாது என்று ஒரு சர்க்குலர் இருக்கிறது. அதை அனுப்பிய புத்திசாலி அடியேன்தான். போன் செய்து கெஞ்சலாம் என்றால்... லைன் டெட்.

அதற்குள் தோணிரேவிலிருந்து மீனவர் காசி சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்த்துக் கொட்டியது.

"வலையில நல்ல பாடு சார் இன்னிக்கு. பன்னண்டு கூடை எறா கரையில குந்திக்கினு கீது. பத்து மணிக்குள்ள ஐஸ் வரலன்னா தலை கறுத்துடும். அப்புறம் நீங்களே வேணாம்னுடுவீங்க."

உண்மைதான். வேண்டாம் என்று சொல்லும் வேலையும் என்னுடையதுதான்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து, கம்ப்யூட்டரில் புது டாஸ் — அதை ஓட்டும் புரோகிராம் — போட்டார். "பழைய செட்டிங்ஸ் வேணுமா?" என்று கேட்டார். புதுச் சட்டைக்குப் பழைய பட்டனா? எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகவே போடச் சொன்னேன். சீட்டு அடித்துப் பார்த்தோம், அனுப்பம்பட்டு என்று சரியாகவே வந்தது.

வராமல் என்ன செய்யும்? அன்றைக்குத் தேதி 4-4. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான்!

எங்கள் கம்ப்யூட்டரைத் தினமும் முடுக்குவது ஜுபைதா. இந்த ஊர்க்காரர், கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவர். சீட்டைப் பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "காலைல 5-4ன்னு தேதி அடிச்சேன் சார். புதுசு அதை மே நாலுன்னு எடுத்துக்கிச்சு. அமெரிக்காக்காரன் மாசத்தைத்தான் முதல்ல எழுதுவான். நாள் முதல்லன்னு நாம ஒரு வரி போட்டு வெச்சிருந்தோம். அது போயிடிச்சு."

"போயே போச்சா?"

அவர் டிராயரைத் திறந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். மேலே ஆங்கில எழுத்தில் 'கருவாடு'.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திங்கட்கிழமை அதே ஃப்ளாப்பியைப் பார்த்துவிட்டு, "நம்ம பிசினஸ் எறால், கருவாட்டு விவரம் எதுக்கு? அழிச்சிடுங்க" என்று உத்தரவு போட்டவன் நான்!

"எல்லாத்தையும் துடைக்கணும்னு நீங்க இன்ஜினீயர்கிட்ட சொன்னதும் பக்குன்னு ஆயிடிச்சு சார். பழசெல்லாம் போறதுக்கு முன்னாடி நம்ம செட்டிங்ஸை ஒரு காப்பி போட்டு வெச்சேன். ஃபைல் பேருக்கு எட்டு எழுத்துதான் இடம். கருவாடு கரெக்டா எட்டு. மீனைக் கெடாம வெக்கிறதுக்கு வேற இன்னா பேரு?"

என் உத்தரவை அவர் மதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கும்பிடு போடலாம் போலிருந்தது.

பழைய ஃபைலை அப்படியே திணிக்கவில்லை அவர். புதியதற்கு ஒத்துவராமல் போகலாமாம். நாங்கள் எழுதிச் சேர்த்த வரிகளை மட்டும் எடுத்துப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, தேதியை அடித்தார். பிரின்ட்டர் கரகரவென்று கத்தியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் எட்டிப் பார்த்தோம்.

தோணிரேவு!

முனுசாமி சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். காசியின் சைக்கிளும் வேனில் ஏறியது. பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐஸ் கரைக்குப் போய்விட்டதாம். ஒரு கூடைகூடக் கறுக்கவில்லை. அப்புறம்தான் எனக்குக் காலை இட்லி இறங்கியது.

புதிது வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு வருஷமாக நம் கைக்கும் ஊருக்கும் பழக்கியதை, என்னவென்றே பார்க்காமல் துடைக்கச் சொன்னேனே... அது என்ன மேதாவித்தனம்?

பழைய சர்க்குலரைக் கிழித்துவிட்டுப் புதிது அனுப்பியிருக்கிறேன்: எதை மாற்றுவதானாலும் முதலில் கருவாடு போடவும்.

ஃப்ளாப்பி இப்போது பீரோவில், பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது — பூனையிடமிருந்து அல்ல, என்னிடமிருந்து.