ஊஞ்சல்காரியின் முகம்

பவானியின் கைகளை யாங்கோன் முழுக்கப் பார்த்திருக்கிறது. முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஸ்டுடியோத் திரைகளில் அவள் புருஷன் ரெங்கசாமி தீட்டும் தேவதைகளுக்கெல்லாம் கையும் கழுத்தும் அவளுடையவை. முகம் ஏதாவது காலண்டர் அழகியுடையது.

நகரின் கியாக்டடா பகுதியில் ஒரு ஹோட்டல் சுவர் அவருக்குக் கிடைத்தது. பழைய பிரெஞ்சு ஓவியர்களின் பாணியில், பட்டுப்பாவாடை பறக்க ஊஞ்சலாடும் பெண் வேண்டுமாம். வழக்கம்போல பவானி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தக் காலத்து ஆளுங்க மொதல்ல கை, பாதம், கழுத்துன்னு தனித்தனியா வரைஞ்சு பாப்பாங்க. அப்பறந்தான் ஒண்ணா சேப்பாங்க," என்றார் ரெங்கசாமி.

"மூஞ்சி?"

"இந்தத் தடவ ஒன் மூஞ்சிதான். சத்தியமா."

அதை நம்பித் தொலைத்தாள். நிறம் சரியாகத் தெரியட்டும் என்று மழைக்காலம் முழுக்க, அங்கே பெண்கள் தினமும் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைக் கன்னத்தில் பூசவில்லை. உடம்புக்கு என்ன என்று தெருவே விசாரித்தது. கழுத்தைத் திருப்பியே வைத்திருந்ததில் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

திறப்பு விழாவுக்குப் தமெய்ன் என்ற பர்மியப் பட்டுக் கைலி கட்டிக்கொண்டு போனாள். சுவரில் அவளுடைய கை, அவளுடைய பாதம், வலித்த அதே கழுத்து. முகம் மட்டும், கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்த ஹோட்டல் முதலாளி மனைவியுடையது.

"கடைசி நேரத்துல மொதலாளி கேட்டுட்டாரு. நா என்ன பண்ணட்டும்?" என்றார் ரெங்கசாமி. பாவம் மனுஷன் என்று அவளுக்கே இரக்கமாகிவிட்டது.

மறுநாள் அவருடைய மாதிரித் தாள்களை அடுக்கும்போது ஒரு தாளில் அவள் வலது கை இருந்தது. கட்டைவிரலில் துணிக்கட்டு. மழை தொடங்கிய புதிதில் எண்ணெய் தெறித்துக் கட்டிய கட்டு. நாலே நாளில் அவிழ்த்துவிட்டாள். மகராசன், எதையும் விடாமல் வரைகிறவர். அதே தாளில் முதலாளி மனைவியின் முகமும் இருந்தது. அவளுடைய கூந்தல் கோடுகளின் மேல்தான் பவானியின் விரல்கள் ஏறிக் கிடந்தன. முகத்தை வரைந்த பிறகே கையை வரைந்திருக்கிறார். ஆக, ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டு, மழைக்காலம் முழுக்க அவளை உட்கார வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ரெங்கசாமி உற்சாகமாக வந்தார். "மிங்கலாடோன்ல இன்னொரு சுவரு! அந்தத் தாளெல்லாம் எங்க?"

"கரண்டு இல்ல. அடுப்பு பத்த வச்சேன்."

"அடிப்பாவி! அத்தனையும் என் உழைப்புடி!"

"பதறாதீங்க. எரிச்சது என் கையையும் காலையுந்தான். அந்தம்மா மூஞ்சியப் பத்திரமா கிழிச்சு எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் பவானி, தனாக்காவை அரைத்தபடி. "நாளைலேர்ந்து அவங்களயே வந்து உக்காரச் சொல்லுங்க."