குட்டனைப் பழக்கிய பூதலிங்கம் சார்

கருங்கல் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை பார்த்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது. பூதலிங்கம் சாரின் பக்கத்து வீட்டுப் பெண். “டீச்சரே, சார் போயிட்டாரு. காலம்பற காப்பி குடிச்சிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு” என்றாள். குலையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நம் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் கைகூப்புகிற படங்களாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்து அவர் விசில் சத்தத்தில் காது புளித்தவர்கள் நாம். அவரைப் பற்றி ஒரு நல்ல வரி எழுத ஒருவருக்கும் கை வரவில்லையா? அதனால்தான் இத்தனை நாள் கழித்தாவது இதை எழுதுகிறேன்.

உங்களுக்கெல்லாம் அவர் மைதானத்து ஆள். காலையில் அவர் ‘அட்டென்ஷன்’ என்று ஒரு சத்தம் போட்டால், மாடியில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் நானும் நிமிர்ந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் குறைவு. நான் பக்கத்து ஊர்க்காரி, போவேன். கடைசியாக அவர் மல்லுக்கட்டியது ஒரு பொமரேனியன் குட்டியோடு. அந்தக் கதையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

அவர் மனைவி நீலா அக்காவுக்கு சர்க்கரை. காலில் வந்த ஒரு புண் ஆறாமல், நெய்யூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது ஆளே பேச்சில்லாமல் போயிருந்தார். துபாயில் இருக்கும் மகன், அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, அருமனைக்காரச் சிநேகிதன் ஒருவன் மூலம் அந்தக் குட்டியை அனுப்பிவைத்தான். செம்புக்குள் போட்டு மூடிவிடலாம், அவ்வளவுதான் இருக்கும். அக்கா அதற்குக் குட்டன் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து அக்காவின் சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டது.

ஆனால் குட்டன் கடித்தது. சேலை நுனி, விரல், கணுக்கால், எது கிடைத்தாலும் கடிதான். பல் ஒவ்வொன்றும் ஊசி. காலில் ஒரு கீறல்கூடப் படக் கூடாது, பட்டால் பழைய கதைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் போனில் சத்தம் போட்டான். “அதை யாருக்காவது குடுத்துடுங்கப்பா. அம்மைக்குக் காலு முக்கியமா, பட்டிக்குட்டி முக்கியமா?” அக்கா அன்று சாப்பிடவில்லை. ஆயுளில் ஒரு நாயைப் படியேற விடாத சார், தட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்து, “யாருக்கும் குடுக்காண்டாம். நான் பழக்குதேன். நீ தின்னு” என்றாராம். அக்காதான் எனக்குச் சொன்னார்.

அவருக்குத் தெரிந்த பழக்கம் எது? விசில்! பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கடித்தால் ஊதுவார். குட்டனுக்கு அது விளையாட்டு ஆரம்பம். ஊதிய மாத்திரத்தில் பாய்ந்து வந்து வேட்டியில் தொங்கும். பேப்பரைச் சுருட்டித் தட்டிப் பார்த்தார். பேப்பரையும் கடித்தது, பேப்பர் பிடித்த கையையும் கடித்தது. “என் சர்வீஸ்ல இப்படி ஒரு பயலைப் பாத்ததில்ல டீச்சரே” என்று கையில் மருந்து தடவிக்கொண்டே சொன்னார்.

பிறகு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தார். வந்தவர் விசிலைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். “அது மேல குத்தம் இல்ல டீச்சரே. கூடப்பொறந்த குட்டியளுக்க கூட உருண்டு பெரண்டு கடிச்சாத்தான், கடிச்சா அடுத்தவனுக்கு நோவும்னு அதுக்குத் தெரியும். நாம அதுக்கு முன்னாலயே பிரிச்சுக் கொண்டு வந்தாச்சு. நோவும்னு யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தா?” என்றார். பையன்களின் தொடையைப் பதம் பார்த்த மனுஷனா இது என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சிறு நாய்க்குட்டியைக் கண்டால் வருகிறவர்கள் எல்லாம் அதன் வாயில் விரலைக் கொடுத்து, “கடி, கடி” என்பார்கள். கடித்ததும், “அம்மோ, பல்லைப் பாரு!” என்று கொஞ்சுவார்கள். பெரிய நாயிடம் யார் விரலைக் கொடுப்பார்கள்? சின்னது என்றால் கடி கூட அழகு. சார் அதை நிறுத்தினார். பால்காரர், பூ கொண்டுவருகிற பெண், சொந்தக்காரர் எல்லோரையும் கேட்டருகே நிறுத்திவைத்து வகுப்பெடுத்தார். நானும் விரலை நீட்டி ஏச்சு வாங்கியிருக்கிறேன். “கடிச்சா ‘ஆ’ன்னு ஒரு சத்தம். கையை இழுக்கப்பிடாது, இழுத்தா வெளையாட்டாக்கும்னு நெனைக்கும். சத்தம் போட்டுட்டு மொகத்தைத் திருப்பணும். கல்லு மாதிரி இருக்கணும். அது விட்டுட்டு இருந்த பெறவு திரும்பி, நல்ல மக்கான்னு சொல்லணும். வெளங்கிச்சா?” கடிக்கவென்றே ஒரு பழைய துவர்த்துத் துண்டை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

குட்டன் படித்துக்கொண்டது. சாரைக் கடிப்பதை விட்டது, பால்காரரை விட்டது, என்னையும் விட்டது. அக்காவை மட்டும் விடவில்லை. காரணம், அக்கா சிரிப்பார். அது கடித்ததும் ‘ஆ’ என்று தொடங்குவார், பாதியிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். முகத்தைத் திருப்பினாலும் தோள் குலுங்கும். குலுங்கினால் குட்டனுக்குக் கொண்டாட்டம். ஒரு சாயங்காலம் நான் இருக்கும்போதே சார் வெடித்தார்.

“எட்டி, நீ சிரிச்சா அது எப்பிடிப் படிக்கும்?”

“நான் என்ன வேணும்னா சிரிக்கேன்? அவனுக்க மொகத்தைப் பாத்தா வருகு. நீங்க பாருங்களேன்!”

சார் பார்த்தார். வாயோரத்தில் சேலை நூல் தொங்க, குட்டன் அவரை அண்ணாந்து பார்த்தது. “ரெண்டும் பாஸாகாது” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நம்மில் யாரும் பார்த்ததில்லை.

அன்று என்னை பஸ் ஏற்ற வந்தபோதுதான் நெஞ்சுவலி பற்றிச் சொன்னார். அக்காவுக்குத் தெரியாது, சொல்லவும் வேண்டாம் என்றார். “என்னைக் கடிக்காம இருந்து என்ன புண்ணியம் டீச்சரே? நான் இருக்கவா போறேன்? அவளைக் கடிக்காம இருக்கணும். இல்லேன்னா நான் போன மறுநாளே மகன் அதைக் கொண்டு தள்ளிருவான். அவன் மேலயும் தப்பில்ல. பெறவு அந்த வீட்டுல அவ யாருகிட்ட பேசுவா?” பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவர் பயந்ததுபோலவேதான் நடந்தது. சாரின் கருமாதி அடியந்திரத்துக்கு வந்த கூட்டத்தில் ஆளுக்கு ஆள் குட்டனிடம் விரலைக் கொடுத்தார்கள். அது மறுபடியும் கடிக்கத் தொடங்கியது. மகன் துபாய்க்குத் திரும்பும் முன், குட்டனைக் கூட்டிக்கொண்டு போக அருமனைக்காரனை வரச் சொல்லிவிட்டான். அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குட்டன் ஓடி வந்து, புண் வந்த அதே காலின் விரலைக் கவ்வியது.

“பாத்தியளா டீச்சர், நான் சொன்னேம்லா” என்று மகன் எழுந்தான்.

அக்கா “ஆ” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தோள் குலுங்கவில்லை. குட்டன் பல்லை எடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தது. பிறகு தரையில் அடங்கி உட்கார்ந்தது. மகன் காலைத் தடவிப் பார்த்தான். கீறலில்லை. அக்கா மெதுவாகத் திரும்பி, “நல்ல மக்கா” என்றார். மறுபடியும் ஒருமுறை அது கவ்வ வந்தது, மறுபடியும் அப்படியே. மகன் வெளியே போய், “வராண்டாம்டே, அது இங்கேயே நிக்கட்டு” என்று போனில் சொல்வது கேட்டது.

குட்டன் இப்போது அக்காவோடுதான் இருக்கிறது. அவரைக் கடிப்பதில்லை. நான் போகும்போதெல்லாம் அந்தக் காலருகே தலையை வைத்துப் படுத்திருக்கிறது. சார் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. எனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் கெஞ்சியும் ஏசியும் அக்காவிடம் நிறுத்த முடியாத அந்தச் சிரிப்பு, அவர் போனதோடு தானே நின்றுவிட்டது.

நீங்கள் அவர் விசிலை வைத்துக்கொள்ளுங்கள், ‘அட்டென்ஷன்’ என்ற அந்தக் குரலை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சாயங்காலம் போதும். அக்கா சிரிக்க, குட்டன் கடிக்க, நடுவில் சார் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற கோலம். அந்த ஒரு காரியத்தில் அவர் தோற்றுக்கொண்டே இருந்திருக்கலாம்.