தாராவியிலிருந்து ஒரே ஒரு நிலையம், மண்ணுக்கு அடியில்

இசக்கி அக்கா ஓர் உணவகத்தில் வேலை கிடைத்து லிஸ்பனுக்குப் போனபோது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையை மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் ஓடத் தொடங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் என்று பேசிவைத்திருந்தோம். ரயில் வந்துவிட்டது, அக்கா வரவில்லை. போன ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நான் மட்டும் போனேன்.

தாராவியிலிருந்து அடுத்த நிலையமான ஷீத்லாதேவி மந்திருக்குப் பத்து ரூபாய். பாதை கஃப் பரேட் வரை போகிறது. மீதியை அக்காவோடு போக வைத்திருக்கிறேன். நகரும் படிக்கட்டில் இறங்க இறங்கத் தெருச் சத்தம் அடங்கிவிடுகிறது. குர்லா ஸ்டேஷன் நெரிசலுக்குப் பழகியவர்களுக்கு (எனக்கு) அந்த அமைதி கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

மேலே ஏறி சிக்னல் கிடைத்ததும் அக்காவை அழைத்தேன். அங்கே மதியச் சமையலுக்கு முந்தைய நேரம். ஞாயிறுதோறும் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நான் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொன்னால் அவள் போர்த்துகீசியச் சொல்லையும், அதை வைத்து அங்கே எப்படிப் பேசுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறை மண்ணுக்கு அடியில் இருப்பவை மட்டும் என்றேன்.

டனலுக்குத் தூனெல். கஷ்டம் தீரப்போவதை இரண்டு மொழியிலும் சுரங்கத்தின் முடிவில் தெரியும் வெளிச்சம் என்கிறார்கள். மோல் என்பது மண்ணைக் குடைந்து வாழும் பிராணி. ஆங்கிலத்தில் உளவாளிக்கும் அதுதான் பெயர். அங்கே தோப்பெய்ரா என்றால் மந்தமான ஆள். "எங்க சமையல்காரரு என்னைய அப்படித்தான் கூப்பிடுதாரு," என்று சிரித்தாள்.

அடுத்து ரூட், அதாவது வேர். ராயீஷ் என்றாள். போன ஊரிலேயே நிலைத்துவிடுவதை அங்கேயும் வேர்விடுவது என்றுதான் சொல்வார்களாம்.

"நீயும் அங்கயே இருந்துருவியாக்கா?"

அவள் பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

"மண்டைக்குள்ள மண்புழு வளக்காதட்டி."

வேண்டாத கவலையை அங்கே அப்படிச் சொல்வார்களாம். மண்புழுவுக்கு மின்யோக்கா. வருவேன் என்று அவள் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமையல்காரர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மாலை கூட்டம் குறைவு. எனக்குக் கீழே சிக்னல் கிடைக்கவில்லை, பேச வேண்டியதை மேலேயே பேசிவிடுங்கள். வெளியே பார்க்க எதுவும் இல்லை, முழு இருட்டு. எதிர்க் கண்ணாடியில் உங்கள் முகமும் பக்கத்தில் இருப்பவர் முகமும்தான் தெரியும். அதனால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.