நெம்மேலி மாடியில் துருப்பிடிக்காத இரும்பு

திருச்சியில் விடிகாலையில் ஏறிய ரயில், பதினொரு மணிக்கு என்னைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டது. மதுராந்தகம், கருங்குழி தாண்டிப் பாலாற்றுப் பாலம் வந்தபோது கீழே ஆறு என்று சொல்ல மணல்தான் இருந்தது. மணலும் முழுசாக இல்லை. நான் ஊர் சுற்ற வரவில்லை. உலோகவியல் பேராசிரியன். இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொருளறிவியல், உலோகவியல் துறையில் மறுநாள் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அதற்கு நான் வெளித் தேர்வாளர். ஒரு நாள் முன்னதாகவே வந்ததற்குக் காரணம் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம். அதை நான் நம்பவில்லை.

விஷயம் எளிது. ஜெனிபர் என்ற ஆய்வு மாணவி புது வகை எஃகு ஒன்றைத் தகடுகளாக வெட்டி, பாதியைக் கருங்குழியில் தன் வீட்டு மாடியிலும், மீதியை நெம்மேலிக் கடற்கரையில் ஒரு வீட்டு மாடியிலும் மூன்று வருடம் வெயிலுக்கும் மழைக்கும் விட்டு வைத்திருந்தாள். உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பது சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இவள் கணக்கிலோ நெம்மேலித் தகடு துருவில் இழந்த எடை, கருங்குழித் தகடு இழந்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எஃகில் சேர்த்த உலோகம் மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது, அதுதான் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எண்களை உட்கார்ந்த இடத்திலேயே சமைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. இடத்தை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று துறைக்கு எழுதிவிட்டேன். என் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் சேர வேண்டிய கல்லூரி வேலையும் இல்லை. இதை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் இரண்டு முறை சொன்னார்.

துறை அனுப்பிய காரை வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். தேர்வாளன் துறையின் வண்டியில் ஏறினால் நாளைக்கு ஒரு பேச்சு வரும். ஸ்டேஷன் வாசலில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வாடகைக் கார் பேசினேன். ஓட்டுநர் பெயர் பாபு. வழி காட்ட ஸ்டேஷனுக்கு வந்திருந்த ஜெனிபர் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒல்லியான பெண், கேட்டதற்கு மட்டும் பதில். தாத்தா பாட்டி மற்றவர்கள் நிலத்தில் நடவு நட்டவர்கள், அப்பா மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நான் கேட்டேன், சொன்னாள், அதைக் கதையாக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரப் பட்டறைகளில் கல் கொத்தும் சத்தம் தொடங்கிவிடுகிறது. பாபுவுக்கு என் பயணம் பிடிபடவே இல்லை. “இன்னா சார், இவ்ளோ தூரம் வந்துட்டு சிற்பம் பாக்காம இரும்பப் பாக்கப் போறேன்றீங்க?” என்றார். நூற்று இருபது ரூபாய்க்கு ஒரு சாப்பாடு. சாம்பாரில் பாதி வெந்நீர். ஜெனிபர் காரிலேயே உட்கார்ந்து தன் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டாள். தேர்வுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவது இருவருக்குமே நல்லதில்லை, அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி ஒரு மணல் சந்து, அதன் கோடியில் மலர் என்பவரின் வீடு. கணவர் கடலுக்குப் போகிறார், இவர் மீன் விற்கிறார். தகடுகளைத் திறந்த கரையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் காயலான் கடைக்குப் போய்விடும் என்பதால், தெரிந்தவர் மூலமாக இந்த மாடியைப் பிடித்ததாக ஜெனிபர் சொன்னாள். மாடியில் நின்றால் அலை தெரிகிறது. இடம் சரி. தகடுகளைப் பொருத்திய சட்டம் சரி. சாய்வு சரி. இன்னும் சில தகடுகள் அதில் இருந்தன. போலி இல்லை என்று தெரிந்ததும், உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

அப்புறம் கைப்பிடிச் சுவரை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது. தகட்டைத் தடவி வைத்தேன். துருவின் சுவைதான் இருந்தது, உப்பு இல்லை. இப்படி நக்கிப் பார்ப்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. மாணவர்கள் யாரும் செய்ய வேண்டாம். டீ கொண்டுவந்த மலரிடம், இதை யாராவது தொடுவதுண்டா என்று சும்மாதான் கேட்டேன்.

“தொடறது இன்னா சார், தெனம் காலைல வாசல் கழுவசொல்ல மேலயும் ஏறி ரெண்டு பக்கெட் ஊத்திடுவேன். வண்டி, கேட்டு, கிரில்லு எல்லாத்துக்கும் ஊத்தறதுதான். இந்த உப்புக் காத்துல நல்ல தண்ணி காட்டலன்னா இரும்பு நிக்குமா? ஜெனி நம்மள நம்பி வெச்சிட்டுப் போயிருக்கு. நம்ம வூட்ல துருப்புடிக்க வுட்டுடுவமா?”

ஜெனிபர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்திருக்கிறாள், எப்போதும் மதியத்தில். அதற்குள் தகடு காய்ந்திருக்கும். கழுவுவதைச் சொல்ல வேண்டும் என்று மலருக்குத் தோன்றவில்லை. பல் தேய்ப்பதை யாரும் விருந்தாளியிடம் சொல்வதில்லை. காப்புப் படலமாவது மண்ணாங்கட்டியாவது. மூன்று வருடமும் அந்த எஃகைக் காப்பாற்றியது இரண்டு பக்கெட் தண்ணீர்.

“ஏன் ஜெனி, ஒரு மாதிரி ஆயிட்ட?” என்று மலர் கேட்டார். “ஒண்ணுமில்லக்கா” என்று அவள் டீயை முழுக்கக் குடித்தாள்.

திரும்பும் வழியில் பாபுகூடக் காரில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார். திருக்கழுக்குன்றம் வந்தபோது அவள் திரும்பாமலே, “எண்ணெல்லாம் உண்மை சார்” என்றாள். தெரியும் என்றேன். அதற்கு மேல் பேச ஒரு தேர்வாளனுக்கு இடமில்லை.

மறுநாள் காலை வழிகாட்டிப் பேராசிரியர் தன் அறையில் காபி கொடுத்தார். அவள் முந்தின நாள் மாலையே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். படலம் என்பதும் கொஞ்சம் உண்மைதானே, எழுதியபடியே பேசு என்று சொல்லி வைத்திருக்கிறாராம். “தண்ணி விஷயத்த நாம பெருசு பண்ண வேணாம் சார். அந்தப் பொண்ணு வாழ்க்கை” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவள் மறைத்தால் நானே கேட்பது, கேட்ட பிறகு கையெழுத்தில்லாமல் ரயிலேறுவது என்று முடிவு செய்திருந்தேன். காபி நன்றாக இருந்தது.

நம் ஊர் வாய்மொழித் தேர்வு பாதி கல்யாணம். முன்வரிசையில் பட்டுப் புடவையில் அம்மா, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அப்பா, சித்திகள், சர்ச்சிலிருந்து நாலு பேர். பக்கத்து அறையில் பிரியாணி வந்து இறங்கிய வாசனை. ஜெனிபர் நான்கு அத்தியாயங்களைத் தடுமாறாமல் சொன்னாள். ஐந்தாவது வந்ததும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறினாள். அப்பாவுக்கும் புரியட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

“இதுல நான் எழுதின காரணம் தப்பு. எடை எல்லாம் சரி. ஆனா அந்தத் தகட்ட அந்த வீட்டு அக்கா தினமும் நல்ல தண்ணியில கழுவியிருக்காங்க. எனக்கு நேத்துதான் தெரியும். படலம் காப்பாத்துச்சான்னு இந்த எண்ண வெச்சு சொல்ல முடியாது.”

வழிகாட்டி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். அப்படியானால் இந்த அத்தியாயத்தில் என்னம்மா மிச்சம் என்று கேட்டேன். கழுவிய இரும்பு மூன்று வருடத்தில் இழந்த எடை மிச்சம், அதை அப்படியே எழுதுவேன் என்றாள். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். எத்தனையோ ஆய்வேடுகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் திருச்சித் துறையிலும் சேர்த்து. யாரும் கேட்காமல், வீட்டார் முன்னால், தப்பு என்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பரிந்துரைக்கிறேன், ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருத்தி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை வேலை காத்திருக்குமா என்பது அந்தக் கல்லூரிக்காரர்கள் மனசு. கதவைத் திறந்து டாக்டர் என்று அறிவித்தபோது கைதட்டினார்கள். அவள் அப்பா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால ரயிலுக்கு அவர் ஸ்டேஷன் வரை வந்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் ரயில் வருவதாக அறிவிப்பு வந்த பிறகுதான் கேட்டார்.

“அதோட வாயாலயே தப்புன்னு சொல்லிடுச்சே சார். அப்புறமும் எப்படி பாஸ் போட்டீங்க?”

“சொல்லாம இருந்தா போட்டிருக்க மாட்டேங்க” என்றேன்.