இரண்டாவது முறை இறந்த அப்பா

“சார், சனிக்கிழமை விசாரணை. நீங்கதான் தலைவர். காலர் வெச்ச சட்டை போட்டுட்டு வாங்க. – பிலோமினா.”

தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம், திங்கட்கிழமை. பசியாற உட்கார்ந்த நேரத்தில் கைப்பேசிக்கு வந்த குறிப்பு இது. வழக்கம்போல நாளையும் கிழமையையும் எழுதி வைத்தேன். அதன் பிறகுதான் பயம் வந்தது. என்ன விசாரணை? யாரை? நான் எதற்குத் தலைவர்?

பிலோமினாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியின் நீண்ட நாள் வாசகி. ரயில்வே குடும்பத்துப் பெண். கிள்ளானில் வீடு, மேருவில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. நான் இங்கே ஒரு தேதியைத் தவறாக எழுதினால் போதும், அன்று மாலைக்குள் செய்தி வந்துவிடும். ‘சார், நீங்க போட்ட கிழமை தப்பு.’ பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்... அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆகும்.

பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, அவர் வார இறுதி வகுப்பில் சேர்ந்தார். மனிதவள நிர்வாகம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை வீட்டின் மேல் மாடியில் வகுப்பு.

நம் வீடுகளில் இந்தப் படிப்புகளுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். ‘மகன் என்ன படிக்கிறான்?’ ‘பிசினஸ்.’ ‘மகள்?’ ‘எச்.ஆர்.’ அதோடு பேச்சு முடிந்துவிடும். டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் எந்த ஊர், எத்தனை வருஷம், எந்த ஆஸ்பத்திரி என்று துருவுகிறவர்கள், எச்.ஆர். என்றதும் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். நானும் ரொம்ப நாளாக அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். கணக்கு வராதவர்களுக்கு மனிதவளம், எது வரும் என்று தெரியாதவர்களுக்கு வணிக நிர்வாகம் – இதுதான் என் எண்ணம்.

சனிக்கிழமை காலர் சட்டையோடு போனேன்.

விசாரணை என்பது வகுப்புப் பயிற்சி. ஒரு தொழிலாளி தவறு செய்தார் என்று அவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன், கம்பெனி உள் விசாரணை ஒன்று நடத்துவது இங்கே வழக்கம். குற்றச்சாட்டை எடுத்து வைக்க ஓர் அதிகாரி. கேட்டு முடிவு சொல்ல ஒரு குழு. நடுவில் ஒரு நாற்காலியில் அந்தத் தொழிலாளி. மனிதவள மாணவர்கள் இதை நடித்துப் பழக வேண்டும். மாணவர்களைத் தெரியாத வெளியாள் ஒருவர் தலைவராக இருந்தால் நல்லது என்று விரிவுரையாளர் டாக்டர் ஃபரிடா சொல்ல, பிலோமினா என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

“ஆனா என்னை உங்களுக்குத் தெரியுமே?” என்றேன்.

“உங்க எழுத்தத்தான் சார் தெரியும். ஆளத் தெரியாது” என்றார் பிலோமினா. சரிதானே!

குற்றம் சாட்டும் அதிகாரி பிலோமினா. தொழிலாளியாக நடிக்க மோகன். மோகன் அங்கேயே வணிக நிர்வாகம் படிக்கிறவர், கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறார், எதற்கும் சிரிப்பார். எனக்கு இரண்டு பக்கமும், குழுவில், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு வணிக நிர்வாக மாணவர்கள். வகுப்பில் டாக்டர் ஃபரிடாவைத் தவிர எல்லாரும் தமிழர்கள். ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம்... பாடம் ஆங்கிலத்தில்தானே?

குற்றச்சாட்டு இதுதான். ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தன் சூப்பர்வைசரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி மூன்று நாள் துக்க விடுப்பு எடுத்தார். கம்பெனி விதிப்படி அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் இறந்தால் அந்த விடுப்பு உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோதே தன் அப்பா காலமாகிவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இறந்தது யார்? விளக்கம் கேட்டதற்கு அவர் தந்த பதில் ஒரே வரி. ‘அப்பா இறந்தது உண்மை. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.’

என் வலது பக்கத்து இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஹவ் மெனி ஃபாதர்ஸ் டூ யூ ஹேவ்?”

வகுப்பு சிரித்தது. மோகன் சிரிக்கவில்லை. நடிப்பை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், “அதத் தமிழ்ல கேட்டுப் பாரு மச்சான். பல்லு இருக்காது.”

இன்னும் பெரிய சிரிப்பு. டாக்டர் ஃபரிடா மேசையைத் தட்டி, இடைவேளை விட்டார்.

கீழே அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையில், ஒரு தேநீர்க் கடை. நானும் பிலோமினாவும் உட்கார்ந்தோம். அவர் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“சார், இது கத இல்ல. பேர மட்டும் மாத்தினேன். எங்க ஃபேக்டரில நடந்தது. புதன்கிழம நெஜ விசாரண. அங்கயும் நான்தான் கேஸ எடுத்து வெக்கணும்.”

அந்த ஓட்டுநரை இங்கே சேகர் என்று வைத்துக்கொள்வோம். சேகருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள். பொய் சொல்லி விடுப்பு எடுத்தார் என்று முடிவானால் வேலை போய்விடும்.

“உங்களுக்கு?” என்றேன்.

“எனக்கு எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் வேல காலியா இருக்கு சார். மேனேஜர் சொல்லிட்டாரு – இந்தக் கேஸ ஒழுங்கா முடி, அப்பறம் பேசலாம்னு.”

ஒழுங்காக முடிப்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. விசாரணைத் தலைவர் இடைவேளையில் வழக்கைப் பற்றிப் பேசலாமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. கூடாதுதான். ஆனால் தேநீர் வந்துவிட்டதே?

மோகன் ரொட்டி சானாய்த் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு லீவு முடிஞ்சி வந்தப்ப மொட்ட போட்டிருந்தானா?”

“உனக்கு எப்டித் தெரியும்?”

“தெரியாது. அதான் கேக்கறேன்.”

“தொப்பி போட்டுட்டுத்தான் வந்தான். உள்ள மொட்டதான். இப்ப முள்ளு முள்ளா வளந்திருக்கு.”

“அப்ப அதக் கேக்கலயா நீங்க?”

“தைப்பூசம் முடிஞ்ச வாரம்லா! ஃபேக்டரில பாதிப் பேரு மொட்ட. பத்துமல வேண்டுதல்னு நெனச்சேன். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, மொட்டன்னா எனக்கு அதான் ஞாபகம் வரும்.”

மோகன் ரொட்டியைக் கிழித்தார். “அக்கா, வேண்டுதலுக்கும் மொட்ட போடுவான், கொள்ளி வெச்சவனும் மொட்ட போடுவான். எந்த மொட்டன்னு கேக்க வேணாமா?”

பிலோமினா கரண்டியைக் கீழே வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். பெரியப்பாவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், மாமாவாகவும் இருக்கலாம். பிள்ளை இல்லாத மனிதர் ஒருவருக்கு, பிள்ளையாக நின்று கொள்ளிச்சட்டி தூக்கியவன், தொலைபேசியில் சூப்பர்வைசரிடம் என்னவென்று சொல்வான்? உறவுமுறையை விளக்கிக்கொண்டிருப்பானா? அப்பா என்றுதான் சொல்வான். அன்றைக்கு அவனுக்கு அதுதான் உண்மை.

“ஆனா சார்,” பிலோமினா என்னைப் பார்த்தார், “நான் கேஸ எடுத்து வெக்கறவ. அவனுக்குச் சாதகமான கேள்விய நானே கேட்டா? கேட்டா கேஸ் நிக்காது. கேக்காட்டி அவன் நிக்க மாட்டான்.”

தே தாரிக்குக்குக் காசு கொடுத்தேன்... என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மாடிக்குத் திரும்பினோம். பிலோமினா தன் தாள்களை ஒரு முறை அடுக்கினார், மறுமுறை அடுக்கினார். பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்.

“அண்ணே, அன்னிக்கு யாரு கொள்ளி வெச்சது?”

மோகன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. “நாந்தாங்க. எங்க பெரியப்பாவுக்கு. அவருக்குப் புள்ள இல்ல. எங்கப்பா போனதுலேருந்து அவர்தான் என்ன வளத்தாரு. நான் அப்பான்னுதான் கூப்பிடுவேன்.”

டாக்டர் ஃபரிடா முன்னால் வந்தார். கொள்ளி என்றால் என்ன என்று மலாயில் கேட்டார். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் விளக்கினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்று சொன்னார்.

“இந்த அறையில் இது தெரியாத ஆள் நான் ஒருத்திதான். பிறகு ஏன் முதல் பாதியில் ஒருவரும் கேட்கவில்லை?”

காலர் சட்டை போட்டுக்கொண்டு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லையே! நம் வீட்டு வாசலில் நடக்கிற காரியம் அது. ஆனால் ஆங்கிலமும் கம்பெனி விதியும் மேசைக்கு வந்ததும், நாங்கள் எல்லாரும் வேறு யாரோ ஆகிவிட்டோம். விதியில் ‘அப்பா’ என்று இருந்தது, பதிவிலும் ‘அப்பா’ என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒருவர் இரண்டு முறை இறக்க முடியாது என்று கண்டுபிடித்துவிட்டோம். பெரிய கண்டுபிடிப்பு!

குழு கூடிப் பேசியது. பெரியப்பாவுக்குத் துக்க விடுப்பு விதியில் இல்லை, அது வேறு விஷயம். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா? நிரூபணம் இல்லை. என் வலது பக்கத்து இளைஞர்தான் முதலில் கை தூக்கினார். குற்றம் நிரூபணமாகவில்லை என்ற முடிவை நான் வாசித்தேன்.

இதெல்லாம் நடிப்பு. மோகன் சொன்ன பெரியப்பா அவருடைய கற்பனை. சேகர் உண்மையிலேயே பொய் சொல்லியிருந்தால்? தைப்பூச மொட்டையாகவே இருந்தால்? புதன்கிழமை முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பிலோமினா கூப்பிட்டார்.

“கேட்டுட்டேன் சார்.”

“என்ன சொன்னாரு?”

“தொப்பிய எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு. அப்பறம், ‘நாந்தாங்க வெச்சேன். அவருக்கு வேற யாரு இருக்கா?’ன்னாரு. கேரி தீவுல இருந்த சித்தப்பா சார். அங்கதான் இவரு வளந்தது. மோகன் பெரியப்பான்னான், இது சித்தப்பா. அவ்ளோதான் வித்தியாசம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதான் கேட்டேன். ‘செத்தது எங்கப்பாவான்னு ஆபிசுக்கு நான் நிரூபிக்கணுமா அக்கா?’ன்னாரு. எனக்கு அதுக்கு மேல கேக்க முடியல.”

அங்கே குழுவின் தலைவர் ஒரு சீனர். அவருக்குப் பிலோமினாதான் விளக்கினாராம். அவர் தன் குடும்பத்திலும் இப்படி உண்டு என்று சொல்லி, பேனாவை மூடினாராம். பொய் சொன்ன குற்றம் நிரூபணமாகவில்லை. அந்த மூன்று நாளும் வருடாந்திர விடுப்பில் கழிக்கப்பட்டது. சேகர் புதன்கிழமை மதியமே ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டார்.

“மேனேஜர்?”

“படியில வெச்சுக் கேட்டாரு சார், நீ எந்தப் பக்கம்னு. எல்லாத்தையும் காட்டிட்டேன் சார், முடிவு அவங்களுதுன்னேன். அப்டியே எறங்கிப் போய்ட்டாரு.”

மனிதவளம் கணக்கில்லாத படிப்பு என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த கணக்குகளில் பிலோமினா அந்தச் சில நிமிடங்களில் போட்டதுதான் கடினமானது. ஒரு பக்கம் தன் பதவி, இன்னொரு பக்கம் அடுத்தவன் வேலை. பாடத்தில் இதற்கு மாதிரி விடை கிடையாது. ஆனால் கேள்வியைக் கேட்டுப் பழக ஒரு மேல்மாடி வகுப்பு இருந்ததே, அதுவே பெரிய விஷயம். இனிமேல் யாராவது மகள் எச்.ஆர். படிக்கிறாள் என்று சொன்னால், நான் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டேன்.

இந்தப் பத்தியைப் பிலோமினா படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்னார். சேகரிடமும் கேட்டுவிட்டார். பெயர்கள் எல்லாம் மாற்றியவை. வகுப்புப் பயிற்சிக்கு டாக்டர் ஃபரிடா எழுதிய குறிப்பு: ‘நல்ல கேள்வி. அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யவும்.’

விடுப்பு விதியில் வளர்த்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலையில் பேச்சு நடக்கிறதாம். பேச்சுதான். அந்த எக்ஸிகியூட்டிவ் வேலை யாருக்குப் போனது? இதை எழுதும்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. கேட்டேன். பிலோமினா பேச்சை மாற்றிவிட்டார்.

“அத விடுங்க சார். போன வாரம் நீங்க எழுதின கிழம தப்பு.”

அதையும் இன்னும் சரிபார்க்கவில்லை.